பெற்ற பிள்ளைகள் எங்கே?

சிங்கப்பூர் தேக்காவில் ஒரு பாட்டியைப் பணிப்பெண் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகும் படம், மேலே "பெற்ற பிள்ளைகள் எங்கே?" என்று கேள்வி. எதைச் சொல்கிறேன் என்று தெரியும், நீங்களும் பகிர்ந்திருப்பீர்கள். எங்கே இருப்பார்கள்? வேலையில் இருப்பார்கள் ஐயா. படம் எடுத்தது புதன்கிழமை மத்தியானம்.

அந்தக் காலத்தில் இப்படியா என்று உடனே வருவீர்கள். என் பாட்டிக்கு செம்பவாங் கம்பத்து (கிராமத்து) வீட்டில் மூன்று மருமகள்கள். மூவரில் ஒருவரும் சம்பளத்துக்குப் போகவில்லை, அவர்களுக்கு விருப்பமா என்று யாரும் கேட்கவும் இல்லை. அதற்குப் பெயர்தான் உங்கள் கூட்டுக் குடும்பம்.

1972-ல் அரசாங்கம் பிள்ளைகள் 'இரண்டு போதும்' என்றது. அதற்கு மேல் பெற்றால் பிரசவக் கட்டணம் ஏறும். சொன்ன பேச்சைக் கேட்டு அம்மா இரண்டோடு நிறுத்திக்கொண்டார். 1987-ல் 'வசதி இருந்தால் மூன்று' என்று மாற்றிச் சொன்னபோது எனக்குப் பத்து வயது. அந்த இரண்டில் ஒன்று இப்போது ஆஸ்திரேலியாவில், பெர்த்தில். மீதி நான். இந்தக் கணக்கை நானா போட்டேன்?

சட்டம் இருக்கிறதே என்பீர்கள். 1995-லேயே பெற்றோர் பராமரிப்புச் சட்டம் வந்தாயிற்று, சரி. அது மாதப் பணம் வாங்கித் தரும், குளிப்பாட்டி விடாது. பெற்றோர் வீட்டிலிருந்து 4 கிலோமீட்டருக்குள் மறுவிற்பனை வீடு வாங்கினால் வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) மானியம் தருகிறது, அதையும் வாங்கினேன். யீஷூனில் இருக்கும் அம்மாவுக்கும் எனக்கும் மூன்றரை கிலோமீட்டர். அதைக் கடக்க எனக்கு ஞாயிற்றுக்கிழமை வர வேண்டியிருக்கிறது.

பணிப்பெண் வைத்தால் கைகழுவியதாகிவிடுமா? அம்மாவைப் பார்த்துக்கொள்பவள் இந்தோனேசியாவின் ஜாவாக்காரி. அம்மா கம்பத்தில் பழகிய பாசார் மலாய், அதாவது சந்தைப் பேச்சு மலாய், நாற்பது வருடம் கழித்து இப்போதுதான் மறுபடி வெளியே வருகிறது. இருவரும் கீரை ஆய்ந்துகொண்டே சிரிக்கிறார்கள், நான் உள்ளே போனால் பேச்சு நின்றுவிடுகிறது. என்னிடம் அம்மா "நல்லா இருக்கேன்" என்பதோடு சரி. இடது முழங்கால் இரவில் தூங்கவிடுவதில்லை என்பதை அந்தப் பெண் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். கோபம் வந்தது. யார் மேல் என்று கேட்காதீர்கள்.

அப்புறம், அந்தப் படத்தை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் முதலில் போட்டது யார் தெரியுமா? பெர்த் அண்ணன். கூடவே கைகூப்பும் பொம்மை. அம்மா அதற்குக் கட்டைவிரல் உயர்த்தியிருக்கிறார். கண்ணாடி போடாமல் எங்கேயோ அழுத்தியிருப்பார் என்றுதான் நினைத்துக்கொள்கிறேன்.