திருத்தந்தை சொல்வதெல்லாம் தவறாதா?

"திருத்தந்தை (போப்) எதைச் சொன்னாலும் அது தவறாகாது என்று கத்தோலிக்கர்கள் நம்ப வேண்டும், அவர் பாவமே செய்யாதவர்" என்ற செய்தி பகிரப்படுகிறது. இதன் இரண்டு பகுதிகளுமே கத்தோலிக்கப் போதனை அல்ல.

தவறா வரம், அதாவது திருத்தந்தையின் போதனை குறிப்பிட்ட சூழலில் தவறாகாது என்ற கோட்பாட்டை, 1870 ஜூலை 18 அன்று ஆயர்கள் கூடிய முதலாம் வத்திக்கான் சங்கம் அறிவித்தது. ஆதரவாக 533 பேரும் எதிராக இருவரும் வாக்களித்தனர், எதிர்ப்பாளர் பலர் முன்னரே ஊர் திரும்பியிருந்தனர். அனைத்துக் கிறிஸ்தவர்களின் மேய்ப்பர் என்ற அதிகாரத்தோடு, விசுவாசம் அல்லது ஒழுக்கம் சார்ந்த ஒரு கோட்பாட்டை முழுத் திருச்சபையும் ஏற்க வேண்டுமெனத் திருத்தந்தை இறுதியாக வரையறுக்கும்போது மட்டுமே அந்த வரம் பொருந்தும் என்று சங்கம் எல்லை வகுத்தது. நேர்காணலோ அரசியல் கருத்தோ அறிவியல் கணிப்போ இதில் அடங்காது. 1870க்குப் பின் இம்முறையில் வெளிப்படையாக அறிவிக்கப்பட்டது ஒன்றே ஒன்று: 1950 நவம்பர் 1 அன்று திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் வரையறுத்த மரியாவின் விண்ணேற்பு, அதாவது இயேசுவின் தாய் மரியா உடலோடும் ஆன்மாவோடும் விண்ணகத்துக்கு எடுத்துக்கொள்ளப்பட்டார் என்ற போதனை.

திருத்தந்தையர் தவறியதற்குத் திருச்சபை வரலாறே சாட்சி. நீதிமான்களின் ஆன்மாக்கள் இறுதித் தீர்ப்புக்குப் பின்னரே கடவுளை நேருக்கு நேர் காணும் என்று 1331 முதல், அன்று திருத்தந்தையர் வாழ்ந்த பிரான்சின் அவிஞ்ஞோன் நகரில் மறையுரை ஆற்றிய திருத்தந்தை இருபத்திரண்டாம் யோவான், இறையியலாளர்களின் கடும் எதிர்ப்புக்குப் பின் 1334இல் மரணப் படுக்கையில் அக்கருத்தைக் கைவிட்டார். அவருக்கு அடுத்து வந்த பன்னிரண்டாம் பெனடிக்ட் 1336இல் நேர்மாறான போதனையை உறுதிசெய்தார்.

பாவமின்மையோ முற்றிலும் வேறு செய்தி. திருத்தந்தையரும் பாவ அறிக்கை செய்பவர்களே.