கீமோதெரபி நின்ற பிறகுதானா?
'கீமோதெரபி இனிப் பலன் தராது என்று தெரிந்த பிறகே நோய்த்தணிப்புச் சிகிச்சையை நாட வேண்டும்' என்று இந்தக் கட்டுரையில் வரும் வரியை என்னால் ஏற்க முடியவில்லை. வலி, மூச்சுத்திணறல் போன்ற தொல்லைகளைத் தணித்து நோயாளியின் அன்றாட வாழ்வை எளிதாக்குவதே அந்தச் சிகிச்சை. 2010ஆம் ஆண்டு அமெரிக்காவில் வெளியான ஆய்வொன்றில், பரவிய நுரையீரல் புற்றுநோய் புதிதாகக் கண்டறியப்பட்ட 151 பேரில், வழக்கமான சிகிச்சையோடு தொடக்கத்திலேயே நோய்த்தணிப்புச் சிகிச்சையையும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுட்காலம் (பாதிப் பேராவது உயிரோடிருந்த காலம்) 11.6 மாதங்களாகவும், மற்றவர்களுக்கு 8.9 மாதங்களாகவும் இருந்தது. மனச்சோர்வும் அதைத் தொடக்கத்திலேயே பெற்றவர்களிடம் குறைவாகவே காணப்பட்டது. கோத்தகிரியில் தேயிலை பறித்து எங்களை வளர்த்த அம்மாவுக்கு மார்பகப் புற்றுநோய் எலும்புக்குப் பரவியிருந்தபோது, மேட்டுப்பாளையம் வழியாகக் கோவைக்கு மலையிறங்கிப் போய், மருத்துவர் கேட்டால் "பரவாயில்லைங்க சார்" என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்புவார். கடும் வலிக்குத் தரப்படும் மார்ஃபின் மாத்திரையால் வந்த மலச்சிக்கலை ஆண் மருத்துவரிடம் சொல்லக் கூசி, மாத்திரையையே பாதியாகக் குறைத்துக்கொண்டு, இரவெல்லாம் வலியோடு விழித்திருந்தார் என்பது, வீட்டில் இருந்த எங்களுக்கே இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அதுவும் ஒரு செவிலியர் வலி, குமட்டல், மூச்சுத்திணறல், மலச்சிக்கல், தூக்கம் என ஒவ்வொன்றாகப் பெயர் சொல்லி, 0 முதல் 10 வரை எவ்வளவு என்று பொறுமையாகக் கேட்டதால். மலமிளக்கி சேர்த்த பிறகு முழு அளவையும் எடுத்துக்கொண்டு உறங்கினார். 'படிக்காதவர்களுக்கு இந்த எண்கள் புரியாது' என்று மேலே கருத்து எழுதியவருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: அம்மா பள்ளிக்கூடம் போனதில்லை, ஆனால் தினமும் தராசில் கொழுந்து நிறுத்துக் கொடுத்தவர், "இன்னிக்கு ஏழு" என்று தயங்காமல் சொன்னார். 2021 முதல் நடைபெறும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் செவிலியர்கள், நோய் கண்டறியப்பட்ட மாதத்திலிருந்தே ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்விகளைக் கேட்க வேண்டும்.