இமயமலை மேல பழி போடாதீங்க

அந்த வீடியோவை இன்னும் எத்தனை பேர் ஷேர் பண்ணப் போறீங்க? இமயமலை வளருதாம், அதனாலதான் பூமி சூடாகுதாம், மனுஷனுக்குச் சம்பந்தமே இல்லையாம். கீழே பொறுமையா விளக்கம் எழுதினேன். "டீச்சரம்மா, புத்தகத்தை மூடிட்டு வானத்தைப் பாருங்க"ன்னு ஒருத்தர். அதுக்கு வரிசையா சிரிப்பு எமோஜி. கொஞ்ச நேரத்துல என் கமெண்ட்டே காணோம்.

அங்க அழிச்சதை இங்க எழுதுறேன். மலை எழும்பினா காலப்போக்குல பூமி குளிரும். சூடாகாது. மலை உயர உயரப் புதுப்பாறை வெளிய வந்து உடையுது. மழைத்தண்ணி காத்துல இருக்குற, சூட்டைப் பிடிச்சு வைக்கிற கார்பன் டை ஆக்சைடைக் கரைச்சுக்கிட்டு வந்து அந்தப் பாறையை அரிக்குது. கரைஞ்சதை ஆறு கடல்ல சேர்க்குது; அங்க அது சிப்பியாகி, சுண்ணாம்பாகி அடியில படியுது. கங்கையும் பிரம்மபுத்திராவும் கொண்டுவந்த வண்டல் வங்கக்கடலுக்கு அடியில பல கிலோமீட்டர் கனத்துக்குக் கிடக்கு. அதுக்குள்ள புதைஞ்ச இலைதழைக் கார்பனும் காத்துக்குத் திரும்பல.

இந்தியாவைச் சுமக்குற பூமி ஓட்டுத் துண்டு, அதான் இந்தியத் தட்டு, ஆசியாவோட மோதி இமயம் எழும்ப ஆரம்பிச்சது சுமார் 5 கோடி வருஷத்துக்கு முன்னாடி. அப்ப துருவத்துல பெரிய பனிப்படலமே கிடையாது. 3.4 கோடி வருஷத்துக்கு முன்னாடிதான் அண்டார்டிகா உறைஞ்சது. அந்தக் குளிர்ச்சியில இமயத்துக்கும் திபெத்துக்கும் பங்கு உண்டுன்னு மௌரீன் ரேமோ, வில்லியம் ரடிமன்ங்கிற விஞ்ஞானிகள் எழுதி முப்பது வருஷத்துக்கு மேல ஆச்சு.

"விஞ்ஞானிகளுக்குள்ளயே ஒத்துப்போகலையே"ம்பீங்க. ஆமா, எவ்வளவு பங்குங்கிறதுல சண்டை இருக்கு. அந்தச் சண்டையில யாரும் இப்ப அடிக்கிற வெயிலை மலை தலையில கட்டல.

எங்க பாட்டி பூஜையில ஒரு சாளக்கிராமம் இருந்துச்சு. நேபாளத்துக் கண்டகி ஆத்துல கிடைக்கிற கருப்புக் கல்லு. உள்ள சுருள் சுருளா வரி. பாட்டி துளசி சாத்தி முடிச்சதும் அந்த வரியை விரலால தடவிப் பார்ப்பேன். அது அம்மோனைட், ஒரு காலத்துல கடல்ல நீந்தின உயிர். கடலடி மலையாக எத்தனை கோடி வருஷம் ஆச்சுன்னு அந்தக் கல்லைக் கையில கொடுத்துத்தான் வகுப்புல சொல்லுவேன்.

இப்ப நம்ம கணக்கைப் பாருங்க. தொழிற்புரட்சிக்கு முன்னாடி காத்துல பத்து லட்சத்துக்கு 280 பங்கு இருந்த கார்பன் டை ஆக்சைடு இன்னிக்கு 420ஐத் தாண்டிருச்சு. ரெண்டு நூற்றாண்டு சொச்சத்துல, முக்கியமா நாம நிலக்கரி, பெட்ரோல் எரிச்சதால! அதே காலத்துல இமயம் ஒண்ணு ரெண்டு ஆள் உயரம் வளர்ந்திருந்தாலே அதிகம்.

சிரிச்சவங்கள்ல என்கிட்ட படிச்ச பிள்ளைங்களும் இருந்தாங்க. அதைத்தான் தாங்க முடியல. அந்தக் கல்லைக் கையில வாங்கிப் பார்த்த பிள்ளைங்க அவங்க. நிலக்கரி எரிக்கிறவனை ஒரு வார்த்தை கேட்காம மலையைக் கைகாட்டுற வீடியோவுக்கு எப்படிப்பா கைதட்டுறீங்க?

கமெண்ட்டை நீக்கினவங்க திரும்பப் போடுங்க. நான் சொன்னதுல எந்த வரி தப்புன்னு அதுக்குக் கீழேயே எழுதுங்க. பதில் சொல்றேன்.