பிளேடால் வெட்டிய ரீமிக்ஸ்

80களின் நியூ வேவ் (சின்தசைசர் கலந்த ராக்-பாப்) பாட்டுகளை நடன கிளப்புக்கு ஏற்றபடி மாற்றுவது கம்ப்யூட்டர் வந்த பிறகுதான் சாத்தியமானது என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள். அது சரியில்லை. ஹியூமன் லீக் குழுவின் 'டேர்' ஆல்பத்தை 1982லேயே பிரித்து மேய்ந்து, 'லவ் அண்ட் டான்சிங்' என்ற ரீமிக்ஸ் ஆல்பமாக்கினார் தயாரிப்பாளர் மார்ட்டின் ரஷன்ட். டேப்பை பிளேடால் வெட்டி, ஒட்டி, மறுபடி வெட்டி! பொறுமைக்கே ஒரு விருது கொடுக்கலாம்.

நியூ ஆர்டர் குழுவின் 'புளூ மண்டே' (1983) வேறு ரகம். ஏழரை நிமிஷப் பாட்டில், பாடுகிறவர் வாயைத் திறக்கவே இரண்டு நிமிஷம் ஆகும். முந்தைய பாட்டிலிருந்து நிதானமாக இதற்கு மாற டிஜேவுக்கு வேறென்ன வேண்டும்? அதில் சின்தசைசர் மெட்டு தாளத்தைவிட்டு லேசாக விலகியே வரும், கவனித்தீர்களா? சீக்வென்சரில் (நோட்டுகளை வரிசையாகப் பதிந்து தானாக வாசிக்க வைக்கும் கருவி) பதியும்போது குழுவின் கில்லியன் கில்பர்ட் ஒரு நோட்டை விட்டுவிட்டார். அதை 'திருத்தி' நேராக்கினால் பாட்டே போச்சு.

நிஜமான தலைவலி, ஆள் உட்கார்ந்து டிரம்ஸ் வாசித்த பாட்டுகள்தான். வீட்டில் ஒன்றை நானும் முயன்றேன். 118 பிபிஎம்மில் (நிமிஷத்துக்கு 118 தட்டு) ஆரம்பித்தது, கோரஸ் வந்ததும் குஷியில் 121க்கு ஓடிவிட்டது. வேகத்தைச் சீராக்க, நாலு பாருக்கு (தாளச் சுற்றுக்கு) ஒரு மார்க்கர் குத்தியே ஒரு ஞாயிற்றுக்கிழமை காலி. குரலைத் தனியாகப் பிரிக்கும் மென்பொருளோ, 'ஸ்' வருகிற இடமெல்லாம் ஹை-ஹேட்டையும் (டிரம்ஸில் 'ஸ்' என்று ஒலிக்கும் ஜோடித் தட்டு) சேர்த்தே இழுத்து வந்தது.

கிளப்புக்கென்றே நீட்டிய பாட்டுகள் வந்த 12 அங்குல ரெக்கார்டுகளைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதுங்களேன்.