கறுப்பு ரப்பருக்குள் ஒரு தங்க உருண்டை

கிடைத்த பொருளையெல்லாம் வைத்துக் கலைஞர்கள் செய்யும் நகைகளைப் பற்றிய உங்கள் கட்டுரையில், "இதெல்லாம் நகையா, யார் போட்டுக்கொள்வார்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் அப்படி நினைத்துக்கொண்டுதான் இந்த மாதிரி நகைகளின் கண்காட்சி ஒன்றுக்குள் போனேன். துருப்பிடித்த கம்பி, கசங்கிய காகிதம், பொம்மையின் கை... பாதி எனக்குப் பிடிக்கவே இல்லை. அப்புறம் சுவிஸ் கலைஞர் ஓட்டோ கூன்ஸ்லி 1980இல் செய்த வளையலைப் பற்றி ஒரு பலகையில் படித்தேன். வெறும் கறுப்பு ரப்பர், உள்ளே ஒரு தங்க உருண்டை, வெளியே தெரிவது சின்ன புடைப்பு மட்டும், ரப்பர் தேய்ந்தால்தான் தங்கம் கண்ணில் படும். அங்கேயே நின்றுவிட்டேன்.

என் மகன் போய் ஒன்பது வருடமாகிறது. அப்போது அவனுக்கு ஆறு வயது. விழுந்த முதல் பல்லை ஒரு சின்ன டப்பாவில் வைத்திருக்கிறேன், வீட்டில் யாருக்கும் தெரியாது. விக்டோரியா மகாராணிகூட 1847இல் மகளின் முதல் பால்பல்லை, உடையில் குத்திக்கொள்ளும் தங்க புரூச்சில் பதித்துக்கொண்டாராம் (அந்தக் குழந்தை வளர்ந்து பெரியவளானாள், அது வேறு கதை). நான் பல்லை எதிலும் பதிக்கப் போவதில்லை, டப்பா போதும். ஆனால் போட்டுக்கொள்ள ஆளில்லை என்று மட்டும் எழுதாதீர்கள், அந்த ரப்பர் வளையலை யாராவது கொடுத்தால் இன்றைக்கே மாட்டிக்கொள்வேன்.