எங்கள் மொட்டைமாடியும் அவருடைய வரிப்பணமும்

ஞாயிற்றுக்கிழமை நம் நகர் நலச்சங்கக் கூட்டத்தில் நடந்ததை வந்திருந்தவர்கள் அறிவார்கள். வராதவர்களுக்கு வாட்ஸப் அன்றிரவே சொல்லியிருக்கும். "நம் வரிப்பணத்தில் சார் மாடியில் கண்ணாடி வேய்ந்திருக்கிறார்" என்று எங்கள் மாடியின் சோலார் பேனல்களைப் பற்றிப் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதும் எழுந்த சிரிப்பில் எனக்கு வேண்டியவர்களின் குரலும் கலந்திருந்தது.

வீட்டுச் சோலாருக்கு அரசு மானியம் தரத்தான் வேண்டும். 2024-இல் ஒன்றிய அரசு தொடங்கிய திட்டத்தின் பெயரிலேயே 'இலவச மின்சாரம்' என்று சேர்த்துவிட்டதால் வந்த வினை இது. அதில் மானியம் முதல் இரண்டு கிலோவாட்டுக்குத் தலா 30,000 ரூபாய், மூன்றாவதற்கு 18,000 ரூபாய். எவ்வளவு பெரிதாகப் போட்டாலும் 78,000-க்கு மேல் கிடையாது. நான் போட்டது மூன்று கிலோவாட். ஏறக்குறைய இரண்டு லட்சத்தை வைப்பு நிதியிலிருந்தும் நகைக்கடனிலிருந்தும் புரட்டி முதலில் நான்தான் கட்டினேன். மானியம் கணக்கில் ஏறும்வரை வட்டியும் என்னுடையது.

தமிழ்நாட்டில் 2016 முதல் வீட்டு இணைப்புகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லாமல் கிடைக்கிறது. நான்கு ஏசி ஓடும் வீட்டுக்கும் அது உண்டு, என்னைக் கேலி செய்தவரின் வீட்டுக்கும் உண்டு. அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஆண்டுக்கு ஆறு முறை வாங்குவது யார் கண்ணிலும் படாமல், ஒரே ஒரு முறை வாங்கிய நான் மட்டும் ஊர்ப் பணத்தைத் தின்றவனாகிவிட்டேன்.

வாடகை வீட்டுக்காரர்களுக்கு இதனால் என்ன பயன் என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. கேட்டவருக்கே வாடகைக்கு விட்ட மூன்று வீடுகளும் வெறுமையான மூன்று மாடிகளும் உண்டு என்பதால் பதிலை அவரிடமே விட்டுவிடுகிறேன். ராமநாதபுரம் மாவட்டம் கமுதியில் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் இருக்கும்போது வீட்டுக்கு வீடு எதற்கு என்றார் இன்னொருவர். பெரிய நிலையத்தில் யூனிட் மலிவு என்பது உண்மைதான். ஆனால் அதற்கு 2,500 ஏக்கர் நிலமும், அங்கிருந்து இங்கு வரை கம்பியும் வேண்டும். என் மாடியில் மிஞ்சுவது அடுத்த வீட்டு வாஷிங் மெஷினுக்கே போய்விடுகிறது. இரவில் மின்வாரியம்தானே என்றால், ஆமாம். மின்தடை வந்தால் உச்சிவெயிலிலும் எங்கள் வீட்டில் மின்விசிறி ஓடாது. கம்பத்தில் ஏறி வேலை செய்பவருக்கு எங்கள் மின்சாரம் பாய்ந்துவிடக் கூடாதென்று, பேனல் மின்சாரத்தை வீட்டுக்கு ஏற்றதாக மாற்றும் இன்வர்ட்டர் தானாக நின்றுவிடும். இலவசம் என்று சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

வாரம் ஒரு நாள் வெயில் ஏறுமுன் குழாயை இழுத்துக்கொண்டு, வலிக்கும் முழங்காலோடு மாடியேறிப் புறா எச்சத்தைக் கழுவுகிறேன். அதற்கும் மானியம் உண்டா என்று விசாரித்துச் சொல்லுங்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பிற்பகல் மூன்று மணிக்கு மேல், வரிப்பணம் பேசிய அந்தப் பக்கத்து வீட்டுக்காரரின் தென்னை நிழல் எங்கள் பேனல்கள் இரண்டின்மேல் விழுகிறது. எல்லாம் ஒரே வரிசையாக இணைக்கப்பட்டவை என்பதால் அந்த இரண்டோடு மற்றவற்றின் உற்பத்தியும் இறங்குகிறது. நான்கு மட்டைகளைக் கழிக்கச் சொல்லிக் கேளுங்கள் என்றார் பொருத்த வந்தவர். "காய்க்கிற மரம், பழகின மனுஷர், வேண்டாம்" என்று என் மனைவி தடுத்தாள். இன்றுவரை நான் கேட்கவில்லை.