கண் தெரியாதவரின் புள்ளடியை மகளே போடலாம்

“கண் தெரியாதவர், கை இழந்தவர் வாக்களிக்கப் போனால் வீட்டார் உள்ளே வர முடியாது, அதிகாரிதான் புள்ளடி போடுவார்” என்று வவுனியா, முல்லைத்தீவுப் பக்கம் வட்ஸ்அப்பில் ஒரு குரல்பதிவு சுற்றுகிறது. பிழையான தகவல்.

முந்தி நிலைமை அப்படித்தான். 2011ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கத் தேர்தல்கள் (விசேட ஏற்பாடுகள்) சட்டம் அதை மாற்றிவிட்டது. செல்லடியில் கண் போன அம்மா, தான் நம்பும் மகளையே கூட்டிப் போய், அவர் கையால் அடையாளமிடச் சொல்லலாம்.

சும்மா போனால் சரிவராது. தகுதிச் சான்றிதழ் வேண்டும். படிவத்தைக் கிராம அலுவலரிடம் எடுத்து நிரப்பி, அவரும் அரசாங்க வைத்தியரும் உறுதிப்படுத்திய பிறகு, வாக்களிப்பு நிலையத்தில் கொடுக்க வேண்டும். இதைத் தேர்தலுக்கு முதல்நாள் ஓடித்திரிந்து முடிக்க ஏலாது. உதவியாளருக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். பத்தாம் வகுப்புப் பேரன் சரிவரமாட்டான். வேட்பாளரோ அவரது முகவரோ கூட வர முடியாது. இந்தத் தடை நல்லதுதான், ஊரில் ‘உதவி’ செய்ய முந்தியடிப்பவர்களை நமக்குத் தெரியாதா?

கூட்டிப் போக ஆளில்லாதவருக்கு மட்டும், இன்னொரு அலுவலர் முன்னிலையில் நிலையத்தின் தலைமை அலுவலர் அவர் சொல்வதுபோல் அடையாளமிடுவார்.